காற்புள்ளிக்கு முன்னால் நிற்பவர்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் பேராசிரியர் இளவரசன் அவர்களே! அறிவுக்கு அணிசெய்யும் ஆன்றோர்களே! பிள்ளை எழுதும் ஆய்வேடு என்னவென்று புரியாவிட்டாலும் அதை அக்கம்பக்கமெல்லாம் அள்ளிவிடும் அன்னையரே! மடிக்கணினியும் மதியத் தூக்கமுமாய் வீற்றிருக்கும் மாணவ மணிகளே! காவிரிப் பாலம் கடந்து திருவரங்கம் வந்திருக்கும் புத்தூர்க்காரி லிசியின் வணக்கம்.

ஆய்வேட்டுக்கு மேற்கோள் பட்டியல் அமைத்துத் தரும் மென்பொருளில் நூல்களையும் கட்டுரைகளையும் சேர்ப்பது எப்படி என்னும் இந்தப் பயிலரங்கைத் தொடங்கிவைக்க அழைத்தீர்கள். யாரை அழைத்தீர்கள்? அதில்தானே இருக்கிறது கதை!

போன வாரம் உங்கள் மன்றச் செயலாளர் யாழினி தொலைபேசியில் அழைத்தார்.

"வணக்கங்க. சகாயநாதன் சார் இருக்காங்களா?"

"அவரு போயி ரொம்ப வருஷமாச்சும்மா."

"ஐயையோ! தெரியாதுங்க மேடம், மன்னிச்சுக்குங்க. உடம்புக்கு ஏதும் முடியாம...?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. வீட்டை விட்டுப் போயிட்டாரும்மா."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், நானும் சிரித்தேன். சிரித்து முடித்துத் திரும்பினால், உடன் சிரிக்க வீட்டில் ஆள் இல்லை.

சகாயநாதன் என் தந்தை. எனக்கு விவரம் தெரியுமுன்பே எங்களை விட்டுப் போனவர். மருத்துவமனையில் ஆயா வேலை பார்த்து என்னை வளர்த்தவர் என் அம்மா டோரதி. படித்தேன். தொட்டியத்து வாழைத்தோட்டங்களில் கூலிக்குப் போகும் பெண்களைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். வெயிலில் வரப்பேறி நடந்தவள் யார்? நான்! பஸ்ஸில் நின்றபடியே குறிப்பெழுதியவள் யார்? நான்! கட்டுரை 'ச. லிசி' என்று அச்சானது. கட்டுரைக்கு ஆங்கிலத்தில் தந்த சுருக்கத்தில் மட்டும் இனிஷியலை விரித்து 'லிசி சகாயநாதன்' என்று போட்டார்கள்.

வந்தது வினை! பின்னால் நிற்பது குடும்பப் பெயர் என்று எண்ணிக்கொண்டது மென்பொருள். நமக்கேது குடும்பப் பெயர்? அப்பாவை முன்னால் இழுத்து, காற்புள்ளி வைத்து, 'சகாயநாதன், எல்.' என்றது. என் இனிஷியலே என் தலையெழுத்தாயிற்று! ஒருவர் சேர்த்ததை ஊரே நகலெடுத்தது. சகாயநாதன் கூறுகிறார், சகாயநாதன் மறுக்கிறார், சகாயநாதன் பெண்களின் துயரம் அறிந்தவர்! வீட்டிலிருந்த இரண்டு பெண்களின் துயரம் அறியாத மனிதரய்யா அவர்!

போன ஆண்டு அம்மாவும் மறைந்தார். இப்போது ஒரு தட்டு, ஒரு டம்ளர், நான் ஒருத்தி. எனக்குத் தனிமையாக இருக்கிறது. மேடையில் இதைச் சொல்லக் கூடாதா என்ன? எங்கேனும் ஒருவர் என் பெயர் சொல்லி, என்னோடு ஒத்தோ முரண்பட்டோ பேசியிருப்பாரா என்றுதான் புதிய ஆய்வேடுகளைத் திறக்கிறேன். அங்கும் நான் இல்லை. அவர் இருக்கிறார்.

ஆகவே கேட்கிறேன், பொத்தானை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடலாமா? மூலத்தின் முதல் பக்கத்தைத் திறந்து, எழுதியவர் யாரென்று பார்க்க வேண்டாமா? பெயருக்கு, குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டம் காட்டும் மென்பொருள். ஒரே கட்டமாக்கவும் வழி உண்டு. அதில், அச்சானபடியே முழுப்பெயரை எழுதுங்கள். எங்கே யாழினி, என் கட்டுரையைத் திரையில் சேர்த்துக் காட்டுங்கம்மா.

"மேடம், வெறும் லிசின்னு போட்டுடட்டுங்களா? அவரு எதுக்குங்க?"

கைதட்டாதீர்கள். யாழினி, உங்கள் அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் 'ச. லிசி' என்றே போடுங்கள். அச்சானதை என் வருத்தத்துக்காகத் திருத்தினால் நான் என்ன ஆய்வாளர்?

என் அடுத்த கட்டுரை அச்சுக்குப் போயிருக்கிறது. மருத்துவமனை ஆயாக்களைப் பற்றியது. அது வெளிவந்ததும் நீங்கள் சேர்ப்பீர்கள். அப்போது இனிஷியலைப் பார்த்துத் திகைக்காதீர்கள், பிழையென்று திருத்திவிடாதீர்கள். விட்டுப் போனவரின் எழுத்தல்ல அது. சோறு போட்டு, கூடவே இருந்தவளின் எழுத்து.

தனியே வந்தவளைப் பேசவிட்டு, கடைசிவரை எழுந்து போகாமல் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி கூறி அமர்கிறேன். நான், டோ. லிசி. வணக்கம்.