ஒடிந்துபோன ஏணி

ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"ஏனுங்கக்கா, கல்யாணத்துக்கு மச்சான் வரலீங்களா?" என்றாள் இளையவள்.

"அந்த மனுசன் பேச்சை எடுக்காத கண்ணு. புழங்குற சாமானைக் கேட்டா இல்லைங்கறவன் தொழுது என்ன பிரயோசனம்னு பள்ளிவாசல்ல ஊருக்கே புத்தி சொல்றாரு. பக்கத்தூட்டு மாரியம்மா மிளகு பறிக்க ஏணி கேட்டா, ஒடிஞ்சு போச்சுங்கறாரு. கஞ்சத்தனத்தைக்கூடப் பொறுத்துக்கலாம். பொய்யும் சொல்லிட்டு நேரா தொழப் போறாரு."

"நெசமாவே ஒடியலீங்களா?"

"காலைல ஓடு மாத்தறதுக்கு அதே ஏணிலதான் கூரை மேல ஏறினாரு. நான் அதை எடுத்து மாரியம்மாகிட்டக் குடுத்துட்டு பஸ் ஏறிட்டேன்."

"அப்ப மச்சான் எப்படி இறங்குவாருங்க?"

"எப்படி இறங்குவாரு? ஏணிதான் ஒடிஞ்சு போச்சே."