இளையதம்பி ஐயா தெரிந்தெடுத்த குண்டு

மேடையில் இருக்கும் ஐயாமாரே, அம்மாமாரே, முரசுமோட்டைக் கமக்காரர் அமைப்பின் உழவர் உறவுகளே, முன்வரிசையில் காலை நீட்டி இருக்கும் என் தங்கச்சி பத்மாசனியே! இந்த நினைவுக் கூட்டத்தில் மாதர் சங்கத்தின் சார்பில் இராசமலர் பேசுகிறேன்.

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் முன்னுக்கு வந்துவிட்டார்கள். மூத்த பேத்தி சிவரூபி தாதி. தர்ஷன் பொறியியல் படிக்கிறான். நிரோஜா இந்த முறை ஒன்பது பாடத்திலும் ஏ. நிருஷனுக்கு வங்கியில் வேலை. ஒவ்வொரு செய்திக்கும் முதல் ஆளாய்க் கற்கண்டோடு எங்கள் படலை திறந்து வந்தவர் யார்? நெல் ஆலை நடத்தியவர், நம் அமைப்பின் தலைவர், அமரர் இளையதம்பி ஐயா! இதையெல்லாம் பெருமையாகச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் வெட்கத்தோடு நிற்கிறேன்.

ஏன்? என் பேரன் நிருஷன் நேற்று பேஸ்புக்கில் ஐயாவின் படம் போட்டிருக்கிறான். கையில் குட்டை ரிவோல்வர். கீழே “அஞ்சா நெஞ்சன்” என்று எழுத்து. இங்கே வாசல் பதாகையிலும் அதே படம். அது எந்தத் துவக்கு? பத்மாசனியின் கால் எலும்பை உடைத்த துவக்கு!

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆலைக் காவலுக்கென்று அனுமதி எடுத்து வாங்கியது அது. நீளத் துவக்கில் சுட்டுப் பழகிய கை அவருக்கு. குழல் குட்டை என்றால் குண்டு பெலத்ததாக இருக்கவேண்டும் என்று நினைத்து, வெடிமருந்து கூடிய, முனை கெட்டியான குண்டாகப் பார்த்து எடுத்தார். ஒருநாள் பொழுதுபடும் நேரம் நெல் காயும் தளத்துக்குள் பன்றி வந்தது. சுட்டார். குட்டைக் குழலுக்குள் எரிந்து முடியாத மருந்து வெளியே தீயாய்ச் சீறியது. கண் கூசியது, கை மேலே துள்ளியது. பன்றி ஓடிவிட்டது. குண்டு தகரவேலியைத் துளைத்து, அடுத்த வளவில் சட்டி கழுவிக்கொண்டிருந்த பத்மாசனியின் காலில் போய் நின்றது.

“தவறி வெடிச்சது எண்டு பொலிசில சொல்லுங்கோ அண்ணை” என்றார்கள் அயலவர்கள்.

“தவறி வெடிக்கேல்லை. நான்தான் சுட்டனான். குண்டையும் நான்தான் தெரிஞ்சனான்.”

இப்படிச் சொன்ன மனிதரை எங்கே காண்போம் ஐயா! துவக்கைப் பொலிசில் ஒப்படைத்தார். கிளினிக் நாளெல்லாம் தன் ஓட்டோவில் பத்மாசனியை ஏற்றி இறக்கினார். அவள் வாயும் சும்மா இராது. “அண்ணை, பன்றியை விட்டிட்டு என்னைத் தேடிப் பிடிச்ச குண்டெல்லோ! நல்ல விலையோ?” என்பாள். ஐயா சிரிக்கமாட்டார். குனிந்த தலையோடு ஓட்டோவைக் கிளப்புவார்.

அதன்பின் துவக்கு அனுமதி உள்ளவர்களின் படலை படலையாகப் போனார். “நான் பத்மாசனியைச் சுட்டவன்” என்றுதான் கதையைத் தொடங்குவார். “குட்டைக் குழலுக்கு மருந்து குறைஞ்ச ஈயக்குண்டே போதும். கைக்கு அடங்கிறதை எடுங்கோ. அதுவும் தகரத்தைத் துளைக்கும், பின்னால ஆர் இருக்கினம் எண்டு முதல் பாருங்கோ. பன்றிக்கெண்டால் சீனவெடி கொளுத்துங்கோ, ஓடும்.”

தன் வெட்கத்தை அடுத்தவன் வாசலில் முதல் வார்த்தையாய் வைக்க எத்தனை பேரால் முடியும்? அவர் மறைக்காததை நாம் வீரமாக்கிப் பதாகை கட்டியிருக்கிறோம். அந்தப் பதாகைக்குக் கீழால்தான் பத்மாசனி இன்று நொண்டி வந்தாள். என் வீட்டுப் பிள்ளை செய்த வேலை அது. சபையோரே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா போன படலைகளுக்கு இனி மாதர் சங்கம் போகும். இது வாக்கு. பத்மாசனியிடமும் கேட்டேன். “ஓம் அக்கா, வாறன். குண்டு விசயம் என்ர காலுக்குத்தான் நல்லாத் தெரியும்” என்றாள்.

நிருஷன், எழும்பு ராசா. பதாகையை அவிழ். பேஸ்புக்கில் புதுப் படம் போடு. பத்மாசனியின் மகள் கலியாணத்தில், பந்தியில் ஐயா அவளுக்குப் பரிமாறுகிற படம் உன் போனிலேயே இருக்கிறது. கையில் பாயாச வாளி இருக்கும். கையை வெட்டாமல் போடு.