கர்னல் கேட்ட லீவு

தொண்டி பஸ்ஸில் என் முன் சீட்டுக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "நேத்து கர்னல் எங்கிட்ட லீவு கேட்டாருண்ணே." அதற்குமேல் எனக்குத் தூக்கம் வரவில்லை, கண்ணை மட்டும் மூடிக்கொண்டேன்.

"மெடல் வாங்குன கர்னலா? பட்டாளத்துல நீதான அவருக்கு எடுபிடி?"

"அவருதான். பட்டாளம் விட்டு வந்து கவர்மெண்டுல பெரிய பதவி. அப்புறம் மண்டபத்துல ஐஸ் கம்பெனி வச்சாரு, நொடிச்சுப்போச்சு. நான் சவுதியில சம்பாரிச்சு வந்து அத வாங்கினேன். இப்ப அவரு எனக்கு மேனேஜரு."

"லீவு குடுத்தியா?"

"எங்க அய்யா செத்தப்ப எனக்கு லீவு தராத மனுசன்ணே. முடியாதுன்னு சொல்லணும்னுதான் உக்காந்திருந்தேன்."

"சொல்லிட்டியா?"

"அவரு உள்ள வந்ததும் தன்னால எந்திரிச்சு விறைப்பா நின்னுட்டேன். அப்படி நின்னா, 'சரி சார்'ங்கிறதத் தவிர வேற எதுவும் வாயில வர மாட்டேங்குதுண்ணே."