ரோமாபுரியில் போட்ட சலாம்

— ‘உங்க ஊர்ல சாமி சிலை உடைஞ்சு போனா என்ன பண்ணுவீங்க’ன்னு கேட்டான் பட்லரே, ரோமாபுரியில ஊர் சுத்திக் காட்டின அந்தக் கைடுக்காரன்.

— யார்கிட்ட கேட்டான்?

— யார்கிட்ட கேப்பான், தொரசாணிகிட்டதான்.

— தொரசாணி ஊர்ல ஏது தைலம்மா உடையற சாமி? அவங்க கோயில்ல இருக்கறது ஒரு சிலுவை. அது ஆடினா ஆசாரி வந்து ஆணி அடிச்சிட்டுப் போறான்.

— அதையெல்லாம் அவன்கிட்டப் போய்க் கேளுங்க. பேபிக்குக் கஞ்சி காய்ச்சணும், விடுங்க.

— கஞ்சி தானாக் காயும். நீ உக்காரு. நான் என்ன சொல்றேன்னா, இத்தனை வருசமா இந்த ரங்கூன் பங்களாவுல பட்லரா இருக்கேன், தொரை என்னை ரூமுக்குள்ள கூப்பிட்டுக் கதவைச் சாத்தினது இன்னைக்குத்தான். ‘செல்லையா, ரோமாபுரியில பச்சைக் கோட்டைப் போட்டுக்கிட்டுச் சுத்தினது மேடமா, ஆயாவா? டின்னருக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்’னார்.

— இதென்ன கேள்வி? கோட்டு தொரசாணியோடது, போட்டதும் தொரசாணிதான்.

— அப்படித்தான் நானும் சொன்னேன். ஆனா நம்ம மரமில் தொரை இருக்காரே, அவரும் சீமையில லீவு முடிஞ்சு வர்ற வழியில, நீங்க இருந்த அதே நாள் அந்த ஊர்ல இறங்கியிருக்கார். நேத்து கிளப்புல எல்லார் முன்னாடியும் சொல்லிச் சிரிச்சிருக்கார். இடிஞ்ச கோயிலுக்கு நடுவுல பச்சைக் கோட்டு, முகத்துக்குத் திரை விட்ட தொப்பி, பக்கத்துல மீசைக்காரக் கைடு. கீழ பாத்தா வெறுங்காலு. செருப்பு கையில.

— வெயிலா இருந்திருக்கும். காத்தாட நடந்திருப்பாங்க.

— கம்பளிக் கோட்டைப் போட்டுக்கிட்டா?

— பெரிய வீட்டு விசயம். நமக்கென்ன தெரியும்.

— அந்த நேரம் நீ எங்க இருந்தே?

— ஓட்டல்ல. பேபி தூங்கிச்சு, பக்கத்துல உக்காந்து ஈ ஓட்டினேன். கண்ணாணை.

— அப்ப ரோமாபுரியை நீ பாக்கவே இல்ல.

— ஜன்னல் வழியாப் பாத்தேன்.

— அடப் பாவமே. அவ்வளவு தூரம் கப்பல்ல போயும் குடுத்து வைக்கல. ராசா அரமனையெல்லாம் கண்ணைப் பறிக்குமாமே. தங்கக் கூரையாமே.

— எந்தப் புளுகன் சொன்னான்? அங்க ஒண்ணுத்துக்கும் கூரையே கிடையாது.

— ஓகோ.

— தூணு நிக்குது, அது தாங்கறதுக்கு மேல ஒண்ணும் இல்ல. கலியாணம் முடிஞ்சு பந்தலைப் பிரிச்சவன் நாலு கம்பை மறந்துட்டுப் போன மாதிரி. இங்க க்யிம்யிண்டைங் மரக்கிடங்குல தீப்பிடிச்சா மறுநாள் காலையில எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கு ஊரு. அதைப் பாக்க வண்டி வச்சுக்கிட்டு வர்றாங்க. தனியா ஒருத்தருக்குன்னே ஒரு கைடு வேற.

— சிலையெல்லாம் இருக்குமே.

— இருக்கு. பொம்பளைச் சிலைக்குக் கை இல்ல. ஆம்பளைச் சிலைக்கு மூக்கு இல்ல, மத்ததெல்லாம் இருக்கு. ஒண்ணைக் காட்டி, ‘இவர் உலகத்தையே ஆண்ட ராசா’ன்னான். உலகத்தையே ஆண்டவருக்குக் கோவணத்துக்கு ஒரு முழத் துணி கிடைக்கலியா?

— சிங்கத்தை விட்டு மனுசனைத் தின்ன வச்ச இடம் ஒண்ணு உண்டுன்னு தொரை சொல்வாரே.

— வட்டமா ஒரு கொட்டகை. குதிரைப் பந்தயத்துக்குக் கட்டின மாதிரி அடுக்கடுக்கா உக்கார இடம். ஊரே குடும்பத்தோட வந்து உக்காந்து பாக்குமாம். இப்ப அங்க வெறும் பூனைதான். கல்லுக்குக் கல்லு ஒரு பூனை, ராசா வீட்டு மருமகப்பிள்ளை மாதிரி படுத்திருக்கு. ‘இதெல்லாம் அந்தச் சிங்கத்தோட பேரப்பிள்ளைங்களா’ன்னு கேட்டதும் அவன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான்.

— யார் கேட்டது?

— தொரசாணி.

— தொரசாணி வேடிக்கையாப் பேசி இந்த வீட்டு நாய்கூடக் கேட்டதில்லையே.

— வெளியூர்ல போனா மனுசங்க மாறுவாங்க பட்லரே.

— வாஸ்தவம். அப்புறம் சாப்பாடெல்லாம்?

— அதை ஏன் கேக்கறீங்க. மாவை நூல் நூலா அவிச்சு வைக்கறான். நம்ம பர்மாக்காரன் மொஹிங்கா சேவையில மீன் குழம்பை ஊத்த மறந்துட்டு அப்படியே கொண்டு வந்து வச்ச மாதிரி.

— அந்தக் கைடு தமிழ்லயா பேசினான், நீ இவ்வளவு... அதாவது தொரசாணி உனக்கு இவ்வளவு சொல்லியிருக்காங்களே.

— அவனுக்கு அரை இங்கிலீசு. நமக்கு அரை. ரெண்டு அரையும் சேர்ந்தா ஒண்ணு ஆகாதா?

— தொரசாணிக்கு அரை இங்கிலீசா?

— ...அவங்க மெதுவாப் பேசுவாங்க. அதைச் சொன்னேன்.

— சரி, போகட்டும். இந்த வெறுங்கால் சமாச்சாரம்தான் எனக்குப் புரியல. ஷ்வேடகோன் பயா புத்தர் கோயில்ல பூட்ஸோட ஏறக்கூடாதுன்னு சொன்ன நாளா தொரைமாருங்க பயாவுக்குப் போறதையே நிறுத்திட்டாங்க. கழட்டறதுக்குப் பதிலா சாமியையே வேணாம்னுட்டாங்க. அந்தச் சாதியில பொறந்தவங்க அங்க போய் செருப்பைக் கழட்டுவாங்களா?

— கோயில்னு சொன்னானே. சாமி ஓடிப் போயிருந்தாலும் கோயில் கோயில்தானே. அவன் பாட்டுக்கு பூட்ஸோட திமுதிமுன்னு ஏறறான். எனக்குப் பகீர்னு ஆச்சு. ‘கழட்டுடா’ன்னேன். முழிச்சான். அப்புறம் என்ன நினைச்சானோ, ஒரு கல்லு மேல உக்காந்து கழட்டினான் பட்லரே. காலுறையில ஓட்டை. பெருவிரல் வெளிய வந்து எட்டிப் பாக்குது. வெக்கப்பட்டுக்கிட்டு மடக்கறான், அது திரும்பத் திரும்ப எட்டிப் பாக்குது.

— தைலம்மா.

— என்ன?

— அந்த விரல் எந்த ஜன்னல் வழியாத் தெரிஞ்சுது?

— ...கஞ்சி பொங்குது பாருங்க.

— அடுப்பையே நீ இன்னும் பத்த வைக்கல. இன்னொண்ணும் இருக்கு, கேளு. மில்லு தொரை தூரத்துல இருந்து பச்சைக் கோட்டைப் பாத்து, நம்ம ரங்கூன் அம்மாவாச்சேன்னு தொப்பியைத் தூக்கிக் காட்டியிருக்கார். பதிலுக்குப் பச்சைக் கோட்டு என்ன பண்ணுச்சு தெரியுமா?

— தலையை ஆட்டியிருக்கும்.

— இடுப்பை வளைச்சு, நெத்தியில கை வச்சு, சலாம் போட்டுச்சாம். அதைச் சொல்லித்தான் கிளப்புல சிரிப்பு. எல்லாரும் சிரிச்சாங்களாம், நம்ம தொரை மட்டும் சிரிக்கலியாம்.

— கை தானாப் போயிடுச்சு பட்லரே. தொரை முகத்தைப் பாத்தா நெத்திக்குப் போய்ப் போய்ப் பழகின கை. கோட்டு அவங்களோடதுன்னாலும் கை என்னோடதுதானே.

— அப்ப நீதான்.

— நான்தான். கண்ணாணை.

— தொரசாணி கோட்டை உனக்கு எதுக்கு?

— அவங்களுக்குத் தலைவலி. கைடை ஏற்பாடு பண்ணியாச்சு, வீணாப் போகக்கூடாது, நீ போய்ப் பாத்துட்டு வான்னாங்க. வெளிய குளிரு, என்கிட்ட இருந்தது இந்தச் சீலைதான். அவ்வளவுதான் கதை. பட்லரே, தொரைகிட்ட என்னைச் சொல்லிடாதீங்க. எசமானி துணியைப் போட்டுக்கிட்டு அந்நிய ஆம்பளையோட சுத்தினவளை நாளைக்கே வீட்டை விட்டு இறக்கிடுவார். பேபி என் கையில இல்லாம ஒரு வாய் திங்காது. காலைல முழிச்சதும் ‘தய்யம்’னுதான் வாயைத் திறக்குது.

— அதுக்காக? மில்லு தொரை வாயால தொரசாணி மானம் கிளப்புல கிழியுது. கைடு கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்தாங்கன்னு ஒருத்தன், தோளைப் பிடிச்சான்னு ஒருத்தன்.

— படி வழுக்குச்சு, முழங்கையைத்தான் பிடிச்சான்.

— நீ வாயைத் திறந்தா அதெல்லாம் ஒரு நிமிசத்துல துடைச்சு விட்ட மாதிரி போயிடும். உன் வேலைக்காக இன்னொரு பொம்பளை தலையில பழியை ஏத்தறியா? நீ அப்படிப்பட்டவள்னு நான் நினைக்கல.

— அவங்களே சும்மாதானே இருக்காங்க.

— அதான் எனக்கும் விளங்கல. ‘நான் இல்ல, ஆயா’ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மாடியில சுவரைப் பாத்துப் படுத்திருக்காங்க. சூப்பு வச்சது வச்சபடி திரும்பி வந்துச்சு.

— நல்ல மனசு. என்னைக் காட்டிக் குடுக்க மனசு வரல.

— எனக்கு மறைக்க மனசு வரணுமே. தொரைகிட்ட நான் பொய் சொன்னதே இல்ல.

— அப்ப அந்த விஸ்கி பாட்டில்ல தண்ணி ஊத்தினது?

— அது பொய் இல்ல. நிர்வாகம். நான் என்ன சொல்றேன்னா, உண்மையைத்தான் சொல்லப் போறேன். ஆனா உன்னை நடுத்தெருவுல விட மாட்டேன். ஆத்துக்கு அந்தப் பக்கம் டாலாவுல, சம்பான் படகு வந்து நிக்கற துறைக்குப் பக்கத்துல, ஒரு காப்பிக் கடை போடலாம்னு ரொம்ப நாளா எண்ணம். கடைக்கு ஒரு ஆள் வேணும்.

— சம்பளத்துக்கா?

— தாலிக்கு. ஏன் அப்படிப் பாக்கறே?

— இதை எப்ப யோசிச்சீங்க?

— சித்த முன்னாடி. அந்தக் கைடுப் பயலோட கால் விரலைப் பத்தி நீ சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னியே, அப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது. இந்த வயசுல ஏன் எரியுதுன்னு பாத்தேன். தெரிஞ்சுது.

— உங்க காலுறையில ஓட்டை உண்டா?

— நான் பட்லர். என் காலுறையை நானே தைப்பேன்.

— அது ஒண்ணுதான் குறை உங்ககிட்ட.

— பதில் சொல்லு.

— ஆம்பளைக்கு எப்பவும் அவசரம். தாலின்னா சொல்லிட்டுக் குளிக்கப் போற விசயமா? யோசிக்கறேன். காப்பிக் கடைக்கு பேபியைக் கூட்டிக்கிட்டு வர முடியுமா சொல்லுங்க.

— தொரை பிள்ளையை டாலாவுக்கா? நீ நல்லா வேலை போக வழி பாக்கறே. அதோ, மணி அடிக்குது. தொரை கூப்பிடறார். நான் போய் ரிப்போர்ட் குடுத்துட்டு வந்துடறேன். பச்சைக் கோட்டுல இருந்தது ஆயாதான், தொரசாணி ஓட்டலை விட்டு நகரவே இல்லன்னு.

— பட்லரே, நில்லுங்க. அதைச் சொல்லாதீங்க.

— திரும்பவும் வேலையா? அதான் வழி சொன்னேனே.

— என் வேலை போகட்டும். டாலாவோ எங்கயோ, நான் பொழைச்சுக்குவேன். இடிஞ்ச கோயில்ல சுத்தினது நான்னு சொன்னா, அந்த நேரம் தொரசாணி எங்க இருந்தாங்கன்னு தொரை அடுத்து கேப்பார்.

— கேட்டா? ஓட்டல்ல. தலைவலி. நீதானே சொன்னே.

— அவர் ஓட்டலுக்கு ஒரு தந்தி குடுத்துக் கேட்டா? அன்னைக்கு முழுக்க அந்த ரூம் பூட்டிக் கிடந்துச்சுன்னு சொல்வாங்க.

— பூட்டியா? அப்ப பேபி?

— மணி நிக்கட்டும், இருங்க. தலைவலின்னு நான் சொன்னது பொய். அவங்க கையாலதான் எனக்குக் கோட்டைப் போட்டுவிட்டாங்க. தொப்பியை வச்சு, திரையை அவங்களே இழுத்துவிட்டாங்க. ‘விளக்கு வைக்கற வரைக்கும் நாலு பேர் கண்ணுல படற மாதிரி நட ஆயா. ரங்கூன்காரங்க யாராவது இந்த ஊர்ல இருந்தா, நான் இடிஞ்ச கோயில் பாத்துக்கிட்டிருக்கேன்னு நினைக்கணும்’னாங்க. கிளப்புல எவ்வளவு கிழிச்சாலும் அவங்க ஏன் வாயைத் திறக்கலன்னு இப்பத் தெரியுதா?

— அவங்க எங்க போனாங்க தைலம்மா?

— பேபிக்குப் புதுச் சட்டை போட்டு, தலை வாரி, தோள்ல சாச்சுக்கிட்டுப் போனாங்க. ‘அவர் ஒரே ஒரு தடவை பிள்ளையைப் பாத்துக்கட்டும் ஆயா, பெத்த தகப்பன் இல்லையா’ன்னாங்க. என்ன பட்லரே, தலைப்பாகையைக் கழட்டி ஏன் மேசை மேல வைக்கறீங்க?

— தொரைகிட்டப் பொய் சொல்ல எனக்கு வராது தைலம்மா, உண்மையை இனிச் சொல்லவும் முடியாது.

— அதுக்கு? தொரை மணி அடிச்சுக்கிட்டே இருக்கார். பட்லரே, மாடிப்படி இந்தப் பக்கம். நீங்க தெருக் கேட்டைத் திறக்கறீங்க.