கத்தி மீனுக்குத் துணை

— ஈரல் வேண்டாங்க, மண்புழுதான். நேத்து ஈரலைப் போட்டு தொட்டித் தண்ணியெல்லாம் கலங்கிப்போச்சு. இன்னும் ரெண்டு கொத்து கொத்துங்க. மாட்டுப்பட்டி ஓரத்துல கொழுத்ததா கெடக்கும்.

— வாரத்துல ஒரு நாளு லீவு. அதுலயும் தொரை வீட்டு மீனுக்குப் புழு வெட்டணும். ஈரல் ஆகாதுன்னு யாரு சொன்னது?

— றோலண்ட் அண்ணன்தான்.

— ஆமாமா. ஓட்டுறது தொரை காரு, பாக்குறது மீனுக்கு வைத்தியம்.

— கண்டியில மீனு விக்கிற ஆளுகிட்ட கேட்டுட்டு வந்து சொன்னாரு. அதுக்கும் ஒரு நொட்டையா?

— ஏன் சிசிலி, இந்த வாரத்துல அந்த டிரைவரு பேரை எத்தனை தடவை சொல்லியிருப்ப? நான் எண்ணிக்கிட்டு வாறேன். புதன்கிழமை மட்டும் பதினோரு தடவை. செபமாலைங்கிற பேரு ஒன் வாயில ஒரு தடவை வந்துச்சா?

— கட்டுன புருசன் பேரை எவளாச்சும் சொல்லுவாளா? கோயில்ல கையில உருட்டுற மாலையவே நான் ‘மணி’ன்னுதான் சொல்றேன். சாமியாரே சிரிக்கிறாரு.

— அதான் பாரு. என் பேரு வாயில வரக்கூடாத பேரு. அவன் பேரு கல்கண்டு.

— இங்க பாருங்க, புழு போதும். டின்னைக் குடுங்க. சட்டைய மாட்டிக்கிட்டு எங்கூட பங்களாவுக்கு வாங்க.

— நான் எதுக்கு? குசினி வாசல்ல கையக் கட்டிக்கிட்டு நிக்கவா?

— தொரையும் தொரசாணியும் கிளப்புக்குப் போயிட்டாங்க, பொழுது சாஞ்சுதான் வருவாங்க. அந்த மீனை நீங்க ஒரு தடவை பாக்கணும். காரியம் இருக்கு. இது எந்த டின்னு?

— பால்மாவு டின்னு. கெடந்துச்சு, எடுத்தேன். நட.

— கையக் கழுவுனீங்களா?

— மண்ணுதானே. ஒட்டுனா என்ன?

— மண்ணச் சொல்லல. தேயிலைக் கொப்புள நோய்க்கு அடிக்கிறீங்களே அந்த நீல மருந்து, அதைச் சொல்றேன். போன மாசம் மருந்து மிசினைக் கொண்டுபோய் ஓடையில அலசுனீங்க. கீழ இருந்த மீனெல்லாம் வவுறு வெளுத்து மெதந்துச்சு. கண்டாக்கு ஐயா அரைப்பேரு போட்டு அரைநாள் சம்பளத்தை வெட்டுனாரு. மறந்துபோச்சா?

— மறக்கல. இந்த மேட்டுல கொஞ்சம் மெதுவா போ. நெஞ்சை அடைக்குது.

— மருந்து நெஞ்சுல எறங்கிருச்சு. ராத்திரி நீங்க இருமுறது லயத்துல அடுத்த காம்பராவுல இருக்குற ராசம்மா அக்காவுக்குக் கேக்குது.

— எட்டு வருசமா அந்த மிசினை முதுகுல சுமக்குறேன். நீ பங்களாவுல மீனுக்குக் காவல் இருக்க. தொட்டிக்குள்ள இன்னொரு மீனு வேற வருதாமே.

— ஆமா. துணைக்கு என்ன போடலாம்னு தொரசாணி என்னையத்தான் கேட்டாங்க. சின்ன மீனைப் போட்டா விடியிறதுக்குள்ள முழுங்கிரும். செட்டையக் கொத்துற சாதி ஆகாது. இன்னொரு கத்தி மீனைப் போட்டா ஒண்ணையொண்ணு கடிச்சுக் கொதறிரும். இதோட வாய்க்குள்ள அடங்காத, சாதுவான மீனாப் பாத்து எடுக்கணும்னு றோலண்ட் அண்ணன் சொன்னாரு.

— ரெண்டு.

— என்ன ரெண்டு?

— இன்னைக்குக் கணக்கு. ஒரே தொட்டியில ரெண்டு ஆம்பளை ஆகாதுன்னு மீனுக்கே தெரியுது. ஒங்க டிரைவருக்குத் தெரியல.

— வாய அடக்குங்க.

— முந்தாநேத்து நுவரெலியாவுலருந்து காருல முன் சீட்டுல ஒக்காந்து வந்தியாமே. மாயாண்டி பாத்திருக்கான்.

— பின்னால தொரசாணி. என் மடியில தொட்டிக்கு வாங்குன பாசி போட்ட தண்ணிவாளி. பின்ன எங்க ஒக்காரச் சொல்றீங்க, கூரை மேலயா?

— சிரிச்சுக்கிட்டு வந்தியாம்.

— வளைவுல வாளி கவுந்து மடியெல்லாம் நனைஞ்சுபோச்சு. அதுக்கு அழுவாங்களா?

— லயத்துக்கு வந்தா அந்தச் சிரிப்பு எங்க போகுது? சரி, விடு. குசினிக்குப் பின்னால நின்னு ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசுனீங்களாமே, அதச் சொல்லு.

— பேசுனேன்.

— என்ன பேசுன?

— மேல வாங்க, மீனுக்கு முன்னால வச்சுச் சொல்றேன். நீங்க நடந்துக்கிட்டே இருங்க. அட்டை ஏறிருச்சு, பீலித் தண்ணியில காலைக் கழுவிட்டு வந்துர்றேன்.

— சீக்கிரம் வா.

— ...

— எம்புட்டு நேரம் காலு கழுவுவ? ஒரு பீடி முடிஞ்சுபோச்சு.

— ஒரு அட்டையா ஏறுச்சு? வாங்க. செருப்பில்லாத காலு, சாக்குல நல்லாத் துடைச்சுட்டு உள்ள வாங்க. பலகைத் தரை.

— யாரும் வரமாட்டாங்களே?

— வரமாட்டாங்க. இந்தா, இதுதான் தொட்டி. அந்த மூங்கிக் குழலுக்குள்ள பாருங்க. பகல்ல அதுக்குள்ளதான் ஒளிஞ்சுக்கும். கண்ணு சரியாத் தெரியாது, மோப்பந்தான்.

— தேயிலை வெட்டுற கவ்வாத்துக் கத்தி மாதிரியே இருக்கு.

— வவுத்துக்கு அடியில ஒரே நீள செட்டை, அலையாட்டம் ஓடுது பாருங்க. முன்னாலயும் போகும், திரும்பாமலே பின்னாலயும் வரும்.

— கீழ என்ன, விளக்கா?

— குளிரு தாங்காது இதுக்கு. மண்ணெண்ணெய் விளக்கு, ராப்பகலா எரியணும். திரி கருகாம நான்தான் பாக்குறேன்.

— நம்ம காம்பராவுல மார்கழியில சாக்கைப் போத்திக்கிட்டுப் படுக்குறோம். இதுக்கு விளக்கு, ஈரலு, புழு, காவலுக்குப் பொம்பளை, வாங்கிவர காரு.

— மீனு மேலயும் எரிச்சலா?

— எனக்கென்ன.

— புழுவைப் போடட்டுமா?

— போடு. என்னைய ஏன் கேக்குற?

— நீங்க வெட்டுன புழு. அதான் கேட்டேன். நல்ல புழுதானே?

— நல்ல புழுதான். டிரைவரு சொன்ன புழு.

— பாருங்க, மோப்பம் புடிச்சு வெளிய வருது. ஒண்ணு. ரெண்டாவதையும் இழுக்குது. ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டீங்க?

— நீ பேசுன ரகசியத்தச் சொல்லு. போவோம்.

— தொரை சித்திரையில சீமைக்குப் போறாரு, ஆறு மாசம். இந்தத் தொட்டியையும் பூந்தோட்டத்தையும் பாக்க ஒரு ஆளு வேணுமாம். திரும்பி வந்தாலும் அந்த ஆளு நிரந்தரம். மருந்து அடிக்கவேண்டியதில்ல, மலை ஏறவேண்டியதில்ல. எம் புருசன் இருக்காருன்னு சொன்னேன். பேரு என்னன்னு தொரை கேட்டாரு. எனக்கு வாயே வரல, முழிச்சுக்கிட்டு நின்னேன். அதுக்குத்தான் றோலண்ட் அண்ணனைக் குசினிக்குப் பின்னால கூட்டிக்கிட்டுப் போயிக் கெஞ்சுனேன். அவரு போயி ஒங்க பேரைச் சொன்னாரு. நல்ல ஆளு, மீனை நம்பிக் குடுக்கலாம்னு சொன்னாரு. நாளைக்குக் காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டு முடிஞ்சதும் தொரை ஒங்களைப் பாக்கணுமாம்.

— எடு.

— எதை?

— மிச்சப் புழுவை வெளிய எடு. சிசிலி, வாளி எங்க? தண்ணிய மாத்தணும். அது மருந்து கலக்குற டின்னு. அடியில தூளு இருந்துச்சு, நான் கழுவல. மெதந்துரும், ஓடையில மெதந்த மாதிரி மெதந்துரும்.

— கைய எடுங்க. அதுக்கு ஒண்ணும் ஆகாது.

— ஒனக்குத் தெரியாது, அந்த மருந்து...

— டின்னைக் கையில வாங்குனப்பவே விளிம்புல நீலம் பாத்தேன். பீலியில நான் அட்டைக்கு நிக்கல. ஒங்க புழுவைக் குழி தோண்டிப் பொதைச்சேன். டின்னை மண்ணு போட்டுத் தேய்ச்சு, சேம்பிலைய விரிச்சு, பீலி ஓரத்துல வேற புழு பொறுக்கிப் போட்டேன்.

— தெரிஞ்சுக்கிட்டேவா போடட்டுமான்னு கேட்ட?

— ரெண்டு தடவை கேட்டேன்.

— அவன் சொன்ன புழுவைத் தின்னு செத்துச்சுன்னு அவனைத்தான் வெரட்டுவாங்கன்னு நெனச்சேன். ஒனக்கு ஒண்ணும் வராதுன்னு...

— தொட்டி யாரு பொறுப்பு? கொழுந்து பறிக்க மலைக்கு யாரைத் தொரத்துவாங்க? அது தெரியாத ஆளா நீங்க? நல்ல புழுதான்னு சொன்னீங்க. வேலை ஒங்களுக்குன்னு தெரிஞ்ச பெறகுதான் வாய் தொறந்துச்சு.

— பொறாமையில புத்தி கெட்டுப்போச்சு புள்ள. மனசுல வச்சுக்காத. இனிமே அந்த மனுசனைப் பத்தி ஒரு வார்த்தை பேசமாட்டேன். நாளைக்குத் தொரைகிட்ட அவரையே கூட வந்து ஒரு சொல்லு சொல்லச் சொல்லு.

— அவரு எதுக்கு? காலையில நானே போயிச் சொல்றேன். “செபமாலை வேண்டாம் தொரை, வேற ஆளப் பாருங்க”ன்னு.