வேலியில் மாட்டிய வெள்ளை வில்லைகள்

ஏப்ரலில் நான் காலை நாலரைக்கு எழுந்துவிடுவேன். காபியைக் குடுவையில் ஊற்றிக்கொண்டு, நாயை வீட்டில் விட்டுவிட்டு ஹேல் மேட்டுக்கு வண்டி ஓட்டுவேன். பல ஆண்டுப் பழக்கம். அன்றும் அப்படித்தான் போனேன்.

நீங்கள் வனவிலங்கு அதிகாரி. சேஜ் கோழியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த வாக்குமூலம் நீதிபதியிடம் போகும். அவர் நகரத்துக்காரர். அது புதர்வெளியில் வாழும் காட்டுக்கோழி. வசந்த காலத்தில் விடியும் நேரத்துக்குச் சேவல்கள் ஒரு வெட்டவெளியில் கூடி, நெஞ்சை உப்பிக்கொண்டு ஆடும். பெட்டைகள் வந்து பார்த்துத் தேர்ந்தெடுக்கும். ஆண்டுதோறும் அதே திடலுக்குத்தான் வரும். திடலின் மேல் சாலை போட்டால் சாலையில் நின்று ஆடும். வேறு இடம் தேடத் தெரியாது.

ஹேல் மேட்டில் அப்படி ஒரு திடல் இருக்கிறது. அது மாநிலத்தின் பொது நிலம். எரிவாயுக் கிணறு தோண்ட அதைக் குத்தகைக்கு விடலாமா என்பதைச் சட்டமன்றத்தின் நிலக் குழு முடிவு செய்யும். குழுவில் ஒன்பது பேர். நான்கு பேர் எப்போதும் எங்கள் பக்கம். நான்கு பேர் எப்போதும் எதிர்ப்பக்கம். ஒன்பதாவது ஆள் டெல்மர் ஹோக்ஸ்ட்ரா, எங்கள் தொகுதி உறுப்பினர்.

டெல்மர் கெட்டவன் அல்ல. என்னோடு பள்ளியில் படித்தவன். மாடு வளர்க்கிறான். நான் பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்பவள். ஆண்டுக்கு இருமுறை அவன் என் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பான். குழுவின் முன் பேச எனக்கு இரண்டு நிமிடம் தருவார்கள். பிறகு மேசையில் சிவப்பு விளக்கு எரியும். என் நாற்காலியில் அந்த விளக்கு இல்லை.

"வாய்ல கொக்கியப் போட்டுட்டு ஓட்டுக் கேக்கற ஒரே ஆளு நீதான் வெர்னா" என்பான், கொப்பளித்துத் துப்பியபின்.

"அப்பதானே நீ குறுக்கப் பேசாமக் கேக்கற."

எங்கள் இயற்கைச் சங்கம், காட்டுக்கும் விலங்குக்கும் யார் எப்படி வாக்களித்தார்கள் என்று பார்த்து ஒவ்வோர் உறுப்பினருக்கும் மதிப்பெண் போடும். போடுவது நான். ஓர் ஆண்டு டெல்மருக்குப் பூஜ்யம் வந்தது. அதை வெட்டித் தீவனக் கடைக் கதவில் ஒட்டினான்.

"இந்த முட்டைதான் எனக்கு அடுத்த எலெக்‌ஷன ஜெயிச்சுக் குடுக்கப் போவுது" என்று கடையில் எல்லோர் முன்னிலும் சொன்னான். "அடுத்த தடவ கொஞ்சம் பெரிசாப் போடு."

ஜெயித்தான். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

முந்தைய கூட்டத்தொடரில், ஆட்டத்திடல்களைச் சுற்றிக் கிணறு தோண்டக் கூடாது என்று ஒரு மசோதா வந்தது. என் இரண்டு நிமிடத்தில் ஹேல் மேட்டைப் பற்றிச் சொன்னேன். நூற்றுக்கும் மேற்பட்ட சேவல்கள், மாநிலத்திலேயே பெரிய திடல்களில் ஒன்று, காப்பாற்றத் தகுந்தது. டெல்மர் ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டான். அவைக்குள் அவன் என்னை மரியாதையாகத்தான் அழைப்பான்.

"எண்ணினது நீங்கதானாம்மா?"

"நான்தான்."

"கணக்குத் தப்பா இருக்காதே?"

"நான் ஒருநாளும் தப்புக் கணக்குச் சொன்னதில்ல."

"அப்ப நூறு கோழிக்கு மேல சந்தோஷமா ஆடிக்கிட்டிருக்கு. நல்லா இருக்கறவனுக்கு எதுக்கும்மா ஆஸ்பத்திரி?"

அறையே சிரித்தது. ஐந்துக்கு நான்கு. மசோதா தோற்றது.

அடுத்த வாரம் எங்கள் சங்கத்துப் பொருளாளர் ரூத், "அடுத்த தடவ கொஞ்சம் கொறச்சுச் சொன்னாத்தான் என்ன? யாரு போயி எண்ணப் போறா?" என்று கேட்டாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எண்ணிக்கையில் பொய் சொன்னால் பிறகு எங்களிடம் என்ன மிஞ்சும் என்று கேட்டேன். அவள் மன்னிப்புக் கேட்கும்வரை கூட்டத்தைத் தொடரவில்லை. இதை நீங்கள் அவளிடம் விசாரித்துக்கொள்ளலாம். பொய்க் கணக்கு சொல்லக் கூடாது. குறைவாகச் சொல்ல வேண்டுமென்றால் குறைவாக இருக்க வேண்டும்.

திடலின் மேற்கிலும் கிழக்கிலும் மாட்டுக்காரர்கள் போட்ட முள்கம்பி வேலி போகிறது. சேஜ் கோழிகள் இருட்டோடு தாழப் பறந்து வரும். கம்பி தெரியாது. மோதிச் சாகும். சில ஆண்டுகளுக்கு முன் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போய், மேல் கம்பியில் விரல் நீள வெள்ளைப் பிளாஸ்டிக் வில்லைகளை வரிசையாக மாட்டினேன். அரையிருட்டிலும் அவை தெரியும். மோதுவது அநேகமாக நின்றுபோனது. அது என் யோசனை. செய்தித்தாளில் பிள்ளைகளோடு என் படம் வந்தது.

சென்ற ஆண்டு மார்ச்சில் மேற்கு வேலியின் வில்லைகளைக் கழற்றினேன். மாட்டுவதைவிடக் கழற்றுவது எளிது. கட்டைவிரலால் அழுத்தினால் வந்துவிடும். காற்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டது என்று சங்கத்தில் சொன்னேன். எங்கள் ஊர்க் காற்றைப் பற்றி எதைச் சொன்னாலும் நம்புவார்கள்.

நான் ஒரு பறவையையும் தொடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வேலி ஏற்கெனவே அங்கே இருந்தது. நான் செய்ததெல்லாம், நான் செய்த ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டதுதான்.

காலையில் எண்ணி முடித்ததும் வேலியோரமாக நடப்பேன். சில செத்திருக்கும். சில இறக்கை முறிந்து புதரடியில் உட்கார்ந்திருக்கும். அவற்றை அப்படியே விட்டுவருவது கொடுமை. கழுத்தை எப்படிப் பிடிப்பது என்று சிறுவயதிலேயே எனக்குத் தெரியும். இதைத் தொட்டது என்று நீங்கள் எழுதிக்கொண்டால் நான் மறுக்கப்போவதில்லை. தீவனச் சாக்கில் போட்டுக் குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோவேன். வயதான சேவல்கள் நல்ல கனம் இருக்கும்.

பெட்டைகளும் மோதின. அதை நான் முதலில் யோசித்திருக்கவில்லை. ஆனால் எண்ணுவது சேவல்களை மட்டும்தான்.

ஏப்ரல் முடிவில் நாற்பத்தொன்று. சரியான கணக்கு. ரூத்தையும் ஒருநாள் அழைத்துப்போய் எண்ணச் சொன்னேன். அவள் அழுதாள்.

குளிர்காலத்தில் மசோதா மறுபடி வந்தது. நாற்பத்தொன்று என்று சொல்லும்போது என் குரல் உடைந்தது. நடிப்பு அல்ல. டெல்மர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அந்த ஒரு நொடி எல்லாம் வீண்போகவில்லை என்று நினைத்தேன்.

"எனக்கும் கஷ்டமாத்தாம்மா இருக்கு" என்றான். "ஆனா ஒண்ணு கேக்கறேன். அங்க இதுவரைக்கும் ஒரு கிணறாவது தோண்டியிருக்கா?"

"இல்ல."

"ரோடு?"

"இல்ல."

"ஒண்ணுமே பண்ணாதப்பவே பாதிக்கு மேல போயிருச்சு. அப்ப கிணத்தால இல்லன்னுதானே ஆகுது? தானா அழியற பறவைக்காக இந்த ஊர்க்காரன் பொழப்ப ஏன் கெடுக்கணும்?"

அதற்குப் பதில் இருந்தது. அந்த அறையில் அது எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். ஒலிவாங்கியின் முன் நின்றுகொண்டே இருந்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

ஐந்துக்கு நான்கு. பறவை நிறைய இருந்தால் சட்டம் தேவையில்லை. குறைந்தால் சட்டத்தால் பயனில்லை. எத்தனை இருந்தால் அவர்கள் கை தூக்குவார்கள் என்று நீங்களாவது எனக்குச் சொல்லுங்கள்.

வெளியே நடைவழியில் டெல்மர் இரண்டு காபியோடு வந்தான்.

"மனசுல வெச்சுக்காத. ஒரு தடவ அந்த ஆட்டத்தப் பாக்கணும் வெர்னா. நான் பாத்ததே இல்ல."

"பாக்காமதான் ரெண்டு தடவ ஓட்டுப் போட்டியா?"

"எல்லாத்தையும் பாத்துட்டா ஓட்டுப் போடறோம்? பட்ஜெட்ட எவன் பாத்திருக்கான்?"

ஏப்ரலில் வரச் சொன்னேன். வழியும் சொன்னேன். இத்தனை ஆண்டுகளில் வருகிறேன் என்று சொன்ன உறுப்பினர்கள் பலர். வந்தவர் எவருமில்லை. அவனும் வரமாட்டான் என்றுதான் இருந்தேன்.

இந்த ஏப்ரலில் கிழக்கு வேலியைத் தொடங்கினேன். ஏன் என்று நீங்கள் நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். நேற்றே சொல்லிவிட்டேன், எல்லாம் அந்தச் சட்டத்துக்காக. அந்தப் பறவைகளுக்காக என் அளவுக்கு உழைத்தவர் இந்த மாவட்டத்தில் கிடையாது. இதை டெல்மரே உங்களிடம் சொல்லியிருப்பான்.

அன்று கிழக்கே வெளுத்துக்கொண்டிருந்தது. திடலில் சேவல்கள் தொடங்கிவிட்டன. இன்னும் சில இருந்தன. தண்ணீர் கொதிப்பதுபோல அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது. வண்டி வந்ததை அதனால்தான் நான் கேட்கவில்லை. திரும்பியபோது டெல்மர் என் பின்னால் நின்றிருந்தான். கழுத்தில் புதுத் தொலைநோக்கி. விலைச்சீட்டுக்கூட இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. என் சட்டைப்பைகள் வில்லைகளால் புடைத்திருந்தன. என் காலடியில், அதுவரை பொறுக்கிய பறவைகளோடு, சாக்கு கிடந்தது. அவன் குனிந்து சாக்கின் வாயை விரித்துப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

கையில் இருந்த வில்லையைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்ததை அழுத்தினேன். பாதியில் விட்டுப் பழக்கமில்லை.

"ஓட்டெடுப்புத்தான் முடிஞ்சு போச்சே வெர்னா" என்றான். "இப்ப யாருக்காகக் கழட்டற?"