ஸ்தாமெனா கழற்றிய குழாய்

நள்ளிரவு தாண்டி வெகுநேரம். வால்யெவோ ஊருக்கு மேலே, பிளம் தோட்டங்களுக்கு நடுவே ஏறிப்போகும் வண்டிப்பாதை. மேட்டில் ஒரே ஒரு கொட்டகை. அதற்கு அப்புறம் காடு... காட்டுக்கு அப்புறம் ஒன்றுமில்லை.

நெருங்கி உட்காருங்கள். அண்டா கொதிக்க இன்னும் நேரமிருக்கிறது. இது என் தோழி தேசாங்காவின் சித்தப்பா மகன் ராடோய்கோவுக்கு நடந்தது. தேசாங்காவுக்குப் பொய் வராது. அதற்கு வேண்டிய கற்பனை அவளிடம் கிடையாது.

அன்று இரவு ராடோய்கோ அந்தக் கொட்டகையில் தனியாக ரக்கியா, அதாவது பிளம் சாராயம், காய்ச்சிக்கொண்டிருந்தான். மனைவி ஸ்தாமெனா இறந்த நாற்பதாம் நாள் நெருங்கிவிட்டது. விருந்துக்கு ஊரே வரும். வருகிறவர்கள் அவள் ஆத்மாவுக்கென்று ஒரு சொட்டைத் தரையில் சிந்திவிட்டு மீதியைக் குடிப்பார்கள். அதற்குக் கடையில் வாங்கிய பாட்டிலை வைத்தால் முகத்தில் விழிக்க முடியுமா?

எந்த வருஷமும் அவன் தனியாகக் காய்ச்சியதில்லை. முதல் ருசி எப்போதும் அவளுடையது. உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்து முகர்வாள். நுனி நாக்கில் வைப்பாள்.

"தீயைக் குறை மனுஷா. நீ ரக்கியா காய்ச்சுறியா, பன்னிக்குத் தண்ணி காய்ச்சுறியா?"

கடைசி இரண்டு வருஷமாக அவளுக்கு வயிற்றில் முறுக்கு. ஆணியைச் சப்பியது போல வாயில் ஒரு ருசி. பிறகு கை. மணிக்கட்டிலிருந்து கை தொங்கிப்போயிற்று.

"பாரேன், நம்ம நாய்க்குட்டி காது மாதிரி ஆயிடுச்சு" என்று அதற்கும் சிரித்தாள்.

டாக்டர் நரம்பு என்றார். அடுத்த முறை வயது என்றார். ராடோய்கோ தினமும் காலையில் ஒரு சின்னக் கிண்ணம் ரக்கியாவை அவள் வாயருகே பிடித்துப் புகட்டினான். "குடிடி. வயித்துக்கு நல்லது." அவளும் குடித்தாள்... கண்ணை மூடிக்கொண்டு, அவன் சொன்னதற்காக.

சரி, கொட்டகைக்கு வருவோம்.

அண்டாவில் பிளம் ஊறல். மூடியின் விளிம்பைச் சோளமாவும் சாம்பலும் பிசைந்து அடைத்தாயிற்று. ஆவி குளிர்ந்து இறங்குவதற்குத் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் ஒரு லாரி ரேடியேட்டர். பழைய செப்புக் குழாய் வெடித்த வருஷம் அவனே உடைசல் கடையிலிருந்து தூக்கிவந்தது. அவ்வளவு கெட்டிக்காரன்!

சொட்... சொட்... முதலில் வந்ததைத் தரையில் கொட்டினான். முதல் வடிப்பைக் கொட்டிவிட்டால் விஷம் போயிற்று. அவன் அப்பனும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தான்.

சொட்... சொட்...

நின்றது.

திரும்பினான். அடைத்த மாவு விளிம்பிலிருந்து உரிந்து தரையில் கிடந்தது. ஆவி சீறியது. மறுபடி அடைத்தான். முதுகைத் திருப்பியதும் சப்பென்று ஒரு சத்தம். மறுபடி மாவு தரையில்.

அப்போதுதான் அந்த வாசனை. ரக்கியா வாசனை இல்லை. திருநீற்றுப்பச்சை... சவப்பெட்டியை மூடுவதற்கு முன் மகள் யாகோடா அவள் நெஞ்சில் வைத்த கொத்து.

பீப்பாய்க்குப் பின்னால் யாரோ நின்றார்கள். கறுப்பு முக்காடு. அண்டாவிலிருந்து வந்து ரேடியேட்டர் வாயில் செருகியிருந்த குழாயை ஒரு கை பற்றித் திருகியது. தெம்பில்லாத கை. ஆனாலும் விடவில்லை. குழாய் கழன்று கீழே விழுந்து உருண்டது.

"ஸ்தாமெனா..."

பீப்பாய்க்குப் பின்னால் இப்போது யாரும் இல்லை. வாசனை மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது.

விடிந்ததும் தகரவேலைக்கார வுகோமானை இழுத்துவந்தான். வுகோமான் பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்தான். கையை விட்டு ரேடியேட்டர் மூட்டை நகத்தால் சுரண்டினான்.

"டேய்... இதுலயா இத்தனை வருஷமா வடிச்சே?"

"ஏன்? நல்லாத்தானே குளிருது."

"இதோட மூட்டெல்லாம் காரீயம்டா, விஷம்! பழப் புளிப்பு காரீயத்தைத் தின்னும். தின்னதை உன் கிண்ணத்துல கொண்டாந்து கொட்டும்."

"முதல் வடிப்பைக் கொட்டிட்டேனே அண்ணே! ஒரு தடவைகூடத் தவறாம கொட்டிட்டேன்!"

"முதல்ல மட்டுமா வருது? நடுவுலயும் வருது, கடைசியிலயும் வருது. நீயும்தானே குடிச்சே?"

"எனக்குக் காலையில குடிச்சா ஒத்துக்காது. ஞாயித்துக்கிழமை ஒரு வாய்... அவதான்... நான்தான் அவளுக்கு..."

வுகோமான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

வீட்டிலிருந்த ரக்கியா முழுவதையும் சாக்கடையில் கொட்டினார்கள். வுகோமான் தன் வீட்டுச் செப்புக் குழாயைக் கழற்றிக் கொண்டுவந்து ரேடியேட்டர் இருந்த இடத்தில் பொருத்தினான். தன் கையாலேயே சுத்தமான வெள்ளீயம் வைத்துப் பற்றவைத்தான். அன்று இரவு ரக்கியா கண்ணீர் போலத் தெளிவாக இறங்கியது. மாவு உரியவில்லை. வாசனை வரவில்லை. ராடோய்கோ விடியும்வரை பீப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் வரவில்லை.

நாற்பதாம் நாள் விருந்து நன்றாக நடந்தது. எல்லோரும் போன பிறகு அவன் மேட்டுக்குப் போனான். எதற்கு என்கிறீர்களா? செப்புக் குழாயை எடுத்துவிட்டு, வெளியே எறிந்திருந்த ரேடியேட்டரைத் தூக்கிப் பீப்பாய்க்குள் மறுபடி வைத்தான். தீ மூட்டினான்.

வந்தாள்!

குடிப்பதற்கில்லை. வடிவதையெல்லாம் கொட்டினான். அவளைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். அடுத்த இரவும் மூட்டினான். அதற்கு அடுத்த இரவும். பீப்பாய்க்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவளிடம் பேசுவான்.

"யாகோடா மாசமா இருக்கா. உன்கிட்டத்தான் முதல்ல சொல்லணும்னு இருந்தா... சிவப்புப் பசு பால் தரமாட்டேங்குது. உன்னைத் தேடுதுன்னு நினைக்கிறேன்."

அவள் காதில் விழுந்ததா தெரியாது. அவள் கவனமெல்லாம் குழாயில். அதைக் கழற்றுவாள், போய்விடுவாள். அவன் மனம் நிறைந்து இறங்கிப்போவான்.

ஆனால் ஒவ்வொரு இரவும் அவளுக்கு அதிக நேரம் பிடித்தது. முதலில் அவனுக்கு அதில் சந்தோஷம்தான். இன்னும் கொஞ்சம் கூட இருக்கிறாள் அல்லவா?

கடும்பனி பெய்த ஒரு இரவு. அவள் குழாயைப் பற்றினாள்... நழுவியது. மறுபடி பற்றினாள்... நழுவியது. இரண்டு கைகளும் தொங்கிவிட்டன. முழங்கையால் தள்ளினாள். மார்பால் முட்டினாள். பிறகு குனிந்து, கொதிக்கும் குழாயைப் பல்லால் கடித்தாள். பல் உலோகத்தில் உரசும் சத்தம்... கிர்ர்ர்... கூடவே அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகிய பழைய முனகல்.

அப்போதுதான் ராடோய்கோவுக்கு உறைத்தது. செத்தவளை வரவழைத்து, மறுபடி அதே விஷத்தை அவளுக்குப் புகட்டிக்கொண்டிருக்கிறான்.

"விடுடி! விடு, நான் எடுக்கிறேன்!"

வெறுங்கையால் குழாயைப் பிடுங்கினான். தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டது. ரேடியேட்டரை வெளியே இழுத்துப்போட்டுச் சம்மட்டியால் அடித்தான்... தகடாகும்வரை அடித்தான். அடித்துக்கொண்டே அழுதான். "இனிமே வராதே. வரவேணாம். போய்ப் படு."

வாசனை அவனைச் சுற்றிச் சிறிது நேரம் நின்றது. பிறகு பனியின் வாசனை மட்டும். அதற்குப் பிறகு அந்தக் கொட்டகையில் அவளை யாரும் பார்த்ததில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் உங்களுக்கு இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

நோன்புக்கு முன்னால் வருமே, செத்தவர்களுக்குப் படைக்கும் ஆத்மாக்களின் சனிக்கிழமை, அன்று அப்பாவும் மகளும் கல்லறைக்குப் போனார்கள். மெழுகுவத்தி, வேகவைத்த கோதுமை, ரக்கியா. ராடோய்கோ கட்டுப்போட்ட கையால் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் விளிம்புவரை ஊற்றிக் கல்லின்மேல் வைத்தான்.

"இது செப்புக் குழாயில வடிச்சதுடி. வுகோமான் பார்த்துட்டான். ஒரு வாரம் நானே குடிச்சுப் பார்த்துட்டேன். பயப்படாம குடி."

குனிந்து கல்லை முத்தமிட்டான். மெழுகுவத்தி அணைந்திருந்தது. யாகோடாவிடம் தீப்பெட்டி வாங்கத் திரும்பினான். அவ்வளவுதான் நேரம்.

"அப்பா..."

கிண்ணம் தலைகீழாகக் கவிழ்ந்திருந்தது. உள்ளே ரக்கியா விளிம்புவரை அப்படியே நின்றது. கல்லில் ஒரு சொட்டு ஈரமில்லை. சுற்றிலும் பனியில் அவர்கள் இருவரின் காலடி மட்டும்.

யாகோடா கையை நீட்டி எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. ராடோய்கோ தன் பலத்தையெல்லாம் கொடுத்து இழுத்தான். திருநீற்றுப்பச்சை வாசனை வந்தது.

மேலிருந்து யாரோ அழுத்திப் பிடித்திருந்தார்கள்.